மைனஸ் கால் மட்டும் ஏன் உருக மாட்டேன் என்கிறது?

கேள்வி இது: பழைய டெஸ்க்டாப் மதர்போர்டில் ப்ராசசரை ஒட்டி மூன்று எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர்கள் உப்பிவிட்டன. 25 வாட் சால்டரிங் அயர்னை வைத்துக் கழற்றப் பார்த்தால் பிளஸ் கால் எப்படியோ உருகுகிறது. மைனஸ் காலில் எவ்வளவு நேரம் வைத்தாலும் ஈயம் களிம்பு மாதிரி நிற்கிறதே தவிர இளகவில்லை. பலமாக இழுத்ததில் ஒரு ஓட்டையைச் சுற்றியிருந்த செப்பு வளையம் பெயர்ந்து வந்துவிட்டது. 450 டிகிரி வரை போகும் சால்டரிங் ஸ்டேஷன் வாங்கினால் சரியாகுமா?

450 டிகிரிக்காக வாங்காதீர்கள். வாட்டுக்காக வேண்டுமானால் வாங்குங்கள். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று புரிந்துவிட்டால், வாங்காமலேயே கூட வேலையை முடித்துவிடலாம்.

ஈயச் சொம்பில் ரசம் வைக்கிற வீடுகளில் ஒரு எச்சரிக்கை உண்டு: வெறும் சொம்பை அடுப்பில் ஏற்றாதே, முதலில் ரசத்தை ஊற்று. நல்ல ஈயச் சொம்பு என்பது வெள்ளீயம். 232 டிகிரியில் உருகிவிடும். அடுப்புச் சுடரோ ஆயிரம் டிகிரிக்கு மேல். ஆனாலும் உள்ளே ரசம் இருக்கிற வரை சொம்புக்கு ஒன்றும் ஆவதில்லை, வருகிற சூட்டையெல்லாம் ரசம் வாங்கிக்கொண்டே இருக்கிறது. உங்கள் மைனஸ் கால்தான் அந்தச் சொம்பு. ரசம் எங்கே என்றால், போர்டுக்குள்ளே.

சாதாரண டெஸ்க்டாப் மதர்போர்டு குறைந்தது நான்கு அடுக்கு. மேலேயும் கீழேயும் டிராக்குகள், நடுவில் இரண்டு அடுக்கு. அந்த நடு அடுக்கில் ஒன்று கிட்டத்தட்ட போர்டு முழுவதும் விரித்த ஒரே செப்புத் தகடு. அதுதான் கிரவுண்டு. கெப்பாசிட்டரின் மைனஸ் கால் போகிற ஓட்டையின் உட்சுவரிலும் செப்பு பூசியிருக்கும். அந்தச் சுவர் நேராக இந்தத் தகட்டில் இணைந்திருக்கிறது. கிரவுண்டு தகட்டின் தடிமன் பெரும்பாலும் 35 மைக்ரான்தான், காகிதத்தை விட மெல்லியது. ஆனால் செப்பு சூட்டைக் கடத்தும் வேகம், போர்டின் ஃபைபர் கிளாஸ் கடத்துவதைப் போல ஆயிரம் மடங்குக்கும் மேல். காலில் நீங்கள் கொடுக்கிற சூடு அங்கே தங்குவதில்லை. பக்கவாட்டில் தகட்டுக்குள் பரவி ஓடிவிடுகிறது. அயர்னை வைத்து ஒரு நிமிஷம் கழித்துக் காலிலிருந்து இரண்டு விரல் தள்ளிப் போர்டைத் தொட்டுப் பாருங்கள், வெதுவெதுப்பாக இருக்கும். சூடு போன இடம் அதுதான்.

போர்டை வடிவமைப்பவர்களுக்கு இது தெரியாமல் இல்லை. பல இடங்களில் ஓட்டையைச் சுற்றிச் செப்பை அறுத்து, வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால் போல நான்கு மெல்லிய இணைப்புகளை மட்டும் விடுவார்கள். மின்சாரம் போகும், சூடு அவ்வளவாகப் போகாது. ஆனால் ப்ராசசருக்குக் கரண்டு கொடுக்கிற பகுதியில் பல ஆம்பியர் ஓட வேண்டும் என்பதால் அங்கே இந்த ஆரக்கால்களை வைக்காமல் முழுச் செப்போடு இணைத்துவிடுவதுண்டு. உங்கள் கெப்பாசிட்டர்கள் இருப்பது சரியாக அந்தப் பகுதியில்தான். பிளஸ் காலும் ஒரு செப்புப் பரப்பில்தான் நிற்கிறது, அது கிரவுண்டை விடச் சிறியது என்பதால் முனகிக்கொண்டே உருகியிருக்கிறது.

இப்போது கணக்குக்கு வருகிறேன். இதுதான் மொத்த விஷயமும்.

ஓடிப்போகிற சூடு, வெப்பநிலை வித்தியாசத்தைப் பொறுத்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் காரீயத் தடை 2006 ஜூலை 1-ல் நடைமுறைக்கு வந்த பிறகு வெளிவந்த போர்டுகளில் பெரும்பாலும் காரீயம் இல்லாத சால்டர்தான் இருக்கும். பரவலாகப் பயன்படுகிற கலவை (96.5 சதம் வெள்ளீயம், 3 சதம் வெள்ளி, அரை சதம் செப்பு) 217 டிகிரியில்தான் இளகத் தொடங்கும். நம் ஊர் அறையில் போர்டு 30 டிகிரியில் இருக்கிறது என்று வையுங்கள். காலை மட்டும் 187 டிகிரி மேலே தூக்க வேண்டும், அதுவும் சுற்றியுள்ள செப்பு இழுத்துக்கொண்டே இருக்கும்போது. அதே போர்டை முதலிலேயே 100 டிகிரிக்குக் கொண்டுவந்துவிட்டால் தூக்க வேண்டியது 117 மட்டும். அந்த இணைப்பில் காரீயம் கலந்த 63/37 சால்டரைத் தாராளமாகச் சேர்த்துவிட்டால் (அது 183 டிகிரியில் உருகும்) கலவையின் உருகுநிலை இறங்கிவிடும். 190 என்றே வைத்துக்கொள்ளுங்கள், இப்போது தூக்க வேண்டியது 90. முதலில் தேவைப்பட்டதில் பாதிகூட இல்லை. அயர்னை மாற்றவில்லை, பாதி வேலை குறைந்துவிட்டது.

அயர்னின் வெப்பநிலையை 450-க்கு ஏற்றுவது இதற்கு மாற்றாகாது. அந்தச் சூட்டில் ஃப்ளக்ஸ் (ஈயம் ஒட்ட உதவும் பூச்சு) உடனே கருகும். பிட்டின், அதாவது அயர்ன் முனையின், மேல்பூச்சு ஆக்சைடு பிடித்துக் கறுக்கும். கறுத்த பிட்டில் ஈயம் ஒட்டாது, ஈயம் ஒட்டாத பிட் காலில் ஊசிமுனை அளவுதான் தொடும். அதன் வழியாகச் சூடு போகாது. ‘இவ்வளவு சூடு வைத்தும் உருகவில்லையே’ என்று இன்னும் ஏற்றுவோம். இந்தச் சுழலில் நான் பல பிட்டுகளைச் சாகடித்திருக்கிறேன்.

வாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. 25 வாட் அயர்ன் ரேடியோ போர்டுக்கும் ரிமோட்டுக்கும் போதும், மதர்போர்டின் கிரவுண்டுக்குப் போதாது. மாலையில் வோல்டேஜ் 190-க்கு இறங்குகிற ஊரில் இருந்தால் அது 25 வாட்டும் இல்லை. வாட் என்பது வோல்டேஜின் வர்க்கத்தில் இறங்கும், 230-க்கு எழுதிய 25 வாட் 190-ல் சுமார் 17 வாட்தான். காலையில் உருகிய கால் சாயங்காலம் உருகாததற்குச் சிலர் சால்டரைக் குறை சொல்வார்கள்.

புதிதாக வாங்குவதானால் 60, 70 வாட் கொண்ட, வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் ஸ்டேஷன் வாங்குங்கள். 936 என்ற மாதிரி ஸ்டேஷன்களில் ஹீட்டர் தனி, அதன் மேல் மாட்டுகிற பிட் தனி. இரண்டுக்கும் நடுவே காற்று இடைவெளி இருக்கும். கிரவுண்டில் வைத்ததும் பிட் குளிர்வது ஹீட்டருக்குத் தாமதமாகத்தான் தெரியும். டி12 என்ற வகை ஸ்டேஷன்களில் ஹீட்டரும் சென்சாரும் பிட்டுக்குள்ளேயே இருப்பதால் உடனே ஈடுகொடுக்கும். இந்த வேலைக்கு அதுதான் தோது. பழைய லேப்டாப் சார்ஜரில் டி12 ஓட்டுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: அதன் ஹீட்டர் சுமார் 8 ஓம். 24 வோல்ட்டில் 72 வாட் கிடைக்கும், 19 வோல்ட் சார்ஜரில் 45 வாட்தான் கிடைக்கும். சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவில் கடைக்காரர் ‘அதெல்லாம் ஓடும் சார்’ என்பார். ஓடும்தான்.

அயர்னை விட முக்கியம் பிட்டின் வடிவம். ஊசி மாதிரி கூர்மையான பிட்டைக் கழற்றி வையுங்கள். 3 முதல் 5 மில்லிமீட்டர் அகலமுள்ள உளி வடிவ பிட்டோ, கத்தி வடிவ பிட்டோ வேண்டும். குட்டையாகவும் தடியாகவும் இருந்தால் நல்லது. 350 டிகிரியில் வைத்த தடி பிட் செய்கிற வேலையை 450-ல் வைத்த ஊசி பிட் செய்யாது.

சரி, போர்டை எப்படிச் சூடேற்றுவது?

பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூச வருகிறவரைப் பார்த்த வயது உங்களுக்கு இருக்குமோ தெரியாது. அவர் ஈயத்தைச் சூடேற்ற மாட்டார். துருத்தியை ஊதி, பாத்திரத்தைத்தான் அடியிலிருந்து சூடேற்றுவார். பாத்திரம் தக்க சூட்டுக்கு வந்ததும் நவச்சாரத்தைத் தூவுவார், வெள்ளைப் புகை கிளம்பும். அப்புறம் ஈயக் குச்சியை ஒரு இழுப்பு, பஞ்சால் ஒரு துடைப்பு, உள்ளே முழுக்க வெள்ளி மாதிரி பரவிவிடும். அடியிலிருந்து சூடு, பிறகு ஃப்ளக்ஸ், கடைசியில்தான் ஈயம். மதர்போர்டு தயாரிக்கிற தொழிற்சாலையும் இதையேதான் செய்கிறது. உருகிய சால்டர் அலைமேல் போர்டை ஓட்டும் முன் ஃப்ளக்ஸ் தெளித்து, போர்டு முழுவதையும் நூறு டிகிரிக்குப் பக்கத்தில் முன்சூடாக்கித்தான் அனுப்புகிறார்கள். முழுச்சூட்டில் போட்ட இணைப்பை, குளிர்ந்த போர்டில் ஒரு முனையை மட்டும் சுட்டுக் கழற்றப் பார்க்கிறோம். (அந்த நவச்சாரத்தைப் போர்டுக்குக் கொண்டுவந்துவிடாதீர்கள். அதுவும், குழாய் வேலைக்கு விற்கிற அமில ஃப்ளக்ஸும் டிராக்கை அரித்துவிடும். ரோசின் ஃப்ளக்ஸ் மட்டும்.)

முறையான வழி, அடியில் வைக்கிற இன்ஃப்ராரெட் ப்ரீஹீட்டர். லேப்டாப் சிப் மாற்றுகிற சர்வீஸ் கடைகளில் இருக்கும். மூன்று கெப்பாசிட்டருக்காக அதை வாங்க வேண்டாம், தெரிந்த கடையில் கேட்டால் அரை மணி நேரம் இடம் கொடுப்பார்கள். இல்லையென்றால் ஹாட் ஏர் கன். போர்டைக் கிளாம்பில் செங்குத்தாகவோ சற்றே உயர்த்தியோ பிடித்து, அடிப்பக்கத்திலிருந்து உள்ளங்கை அகலப் பரப்பில் காற்றை வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருங்கள். ஒரே இடத்தில் நிறுத்தக் கூடாது. ஐந்து நிமிஷம் பொறுமையாகச் செய்தால் கிட்டத்தட்ட நூறு டிகிரி வரும். சில மல்டிமீட்டர்களோடு வருகிற தெர்மோகப்பிளை (சூட்டை அளக்கும் ஒயர்) சூடு தாங்கும் கப்டான் டேப்பால் பக்கத்தில் ஒட்டிவைத்தால் ஊகிக்க வேண்டியதில்லை. நூறு, நூற்றுப்பத்துக்கு மேல் வேண்டாம். பக்கத்திலுள்ள நல்ல கெப்பாசிட்டர்கள் 105 டிகிரிக்கு ஆனவை, போர்டின் எபாக்சிப் பிசினும் சாதாரண ரகமாக இருந்தால் 130, 140-ல் இளக ஆரம்பிக்கும். பக்கத்துக் கெப்பாசிட்டர்களையும் பிளாஸ்டிக் சாக்கெட்டையும் அலுமினியத் தாளால் மூடிவிடுங்கள். ஹேர் ட்ரையர் மட்டும்தான் இருக்கிறதா? ஐம்பது, அறுபது டிகிரி வரை கொண்டுபோகலாம். அதுவும் உதவிதான், அதை மட்டும் நம்பி இறங்காதீர்கள்.

ஆரம்பிக்கும் முன் ப்ராசசரின் ஹீட்சிங்க், ரேம், பட்டன் பேட்டரி எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். ஹீட்சிங்க்கை மாட்டிவைத்துக்கொண்டே ‘போர்டு சூட்டை இழுக்கிறது’ என்று புலம்பியவரைப் பார்த்திருக்கிறேன். தலைக்கு மேல் சுற்றுகிற ஃபேனையும் நிறுத்துங்கள். வேர்க்கும்தான். ஆனால் நீங்கள் அடியில் ஏற்றுவதை அது மேலே இறக்கிக்கொண்டிருக்கும். புகை முகத்தில் படாமல் ஜன்னலைத் திறந்து வையுங்கள். அந்தப் புகை காரீயத்தினுடையதல்ல, ரோசினுடையது. ஆனாலும் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆகாது. காரீயம் கையில் ஒட்டித்தான் உள்ளே போகும், சாப்பிடும் முன் சோப்பு போட்டுக் கழுவுங்கள்.

கழற்றும் முன் ஒரு போட்டோ. கெப்பாசிட்டரில் வெள்ளைப் பட்டை உள்ள பக்கம் மைனஸ். போர்டில் அச்சடித்த அரைவட்டக் குறி பெரும்பாலும் மைனஸைக் காட்டும், ஆனால் எல்லாக் கம்பெனியும் ஒரே மாதிரி குறிப்பதில்லை. மீட்டரைக் கண்டினியூட்டியில் (தொடர்பு இருந்தால் கூவும் நிலை) வைத்து, ஒரு முனையை ஸ்க்ரூ ஓட்டையின் செப்பு வளையத்தில் வைத்தால் எந்தக் கால் கிரவுண்டு என்று தெரிந்துவிடும்.

இனி கழற்றல். இரு கால்களின் மேலும் ஃப்ளக்ஸ் தடவி, 63/37 சால்டரை உருக்கி நன்றாகக் குமிழாக வையுங்கள். எடுக்க வேண்டிய இடத்தில் இன்னும் ஈயம் வைப்பதா என்று முதலில் கைக்கு ஒப்பாது. அந்தக் குமிழ்தான் பிட்டுக்கும் காலுக்கும் வளையத்துக்கும் நடுவே சூட்டைக் கடத்துகிற பாலம். முனையைக் குத்தாமல், பிட்டின் தட்டையான பக்கத்தைச் சாய்த்து வையுங்கள். அழுத்தாதீர்கள். அழுத்தினால் சூடு கூடாது, வளையம்தான் நகரும். முன்சூடு சரியாக இருந்தால் ஐந்தாறு விநாடியில் குமிழ் முழுதும் ஒரே பளபளப்பாகி நடுங்கும். மறுபக்கத்தில் கெப்பாசிட்டரை விரலால் இலேசாகச் சாய்த்தால் அந்தக் கால் ஒரு மில்லிமீட்டர் வெளியே வரும். உடனே அடுத்த காலுக்குப் போய், எதிர்ப்பக்கம் சாய்த்து ஒரு மில்லிமீட்டர். குழந்தையின் ஆடுகிற பல்லை அசைத்து எடுப்பது போல மாற்றி மாற்றி நாலைந்து முறை. 8 மில்லிமீட்டர் கெப்பாசிட்டரில் கால்களுக்கு நடுவே மூன்றரை மில்லிமீட்டர்தான் இருக்கும் என்பதால், அகலமான பிட் இருந்தால் இரண்டையும் சேர்த்தே உருக்கி ஒரே இழுப்பில் எடுத்துவிடலாம்.

பத்து விநாடியில் உருகவில்லையா, பிட்டை எடுத்துவிடுங்கள். போர்டு போதுமான அளவு சூடாகவில்லை என்று அர்த்தம். திரும்ப அடியிலிருந்து ஆரம்பியுங்கள். உங்கள் வளையம் பெயர்ந்ததற்குக் காரணம் அதிகச் சூடு என்று நினைத்திருப்பீர்கள். அரைகுறைச் சூட்டில் நீண்ட நேரம் வைத்ததால் வந்தது அது. ஈயம் உருகும் அளவுக்குக் கால் சூடாகவில்லை, ஆனால் செப்பைப் போர்டோடு பிடித்திருக்கும் எபாக்சி இளகும் அளவுக்குச் சூடாகிவிட்டது. அந்த நேரத்தில் இழுத்தால் ஈயம் விடாது, போர்டு விட்டுவிடும். எழுபது வாட்டில் ஐந்து விநாடி செய்கிற சேதத்தை விட, இருபத்தைந்து வாட்டில் பத்து நிமிஷம் செய்கிற சேதம் பெரிது.

கெப்பாசிட்டர் எப்படியும் குப்பைக்குத்தான் போகிறது என்பதால் இன்னொரு வழியும் உண்டு. மேலே இடம் இருந்தால் அதன் அடியில் கட்டரை நுழைத்துக் கால்களை வெட்டி, உடலைத் தனியாக எடுத்துவிடுங்கள். பிறகு இரண்டு குட்டைக் கம்பிகள்தான் மிச்சம். ஒவ்வொன்றையும் தனியாக உருக்கி ட்வீசரால் உருவலாம். இரண்டு கால்களையும் ஒரே சமயத்தில் சமாளிக்க வேண்டியதில்லை. என்னைக் கேட்டால் புதியவர்களுக்கு இதுதான் நல்லது. உடலைப் பிடித்துத் திருகிப் பிய்க்கிறவர்கள் இருக்கிறார்கள், அந்தத் திருகல் ஓட்டையின் உட்சுவருக்கும் போகும், வேண்டாம்.

கால் வந்துவிட்டது என்று மூச்சு விடாதீர்கள். பாதிப் பேர் தோற்பது அதற்குப் பிறகு, ஈயம் அடைத்துக்கொண்ட ஓட்டையைத் திறக்கும்போது. கிரவுண்டு ஓட்டையில் அடைப்பு நடுவில்தான் உறையும், ஏனென்றால் தகடு இருப்பது நடுவில். மேலே சக்கரை (ஈயத்தை உறிஞ்சும் கைப் பம்ப்) வைத்து இழுத்தால் மேலே உள்ளது மட்டும் வரும், நடுவில் மூடி போல ஒன்று நிற்கும். அப்போது அரைகுறை ஓட்டையைச் சுரண்டாமல், மறுபடி புது ஈயத்தால் முழுக்க நிரப்புங்கள். வெற்றிடத்தின் வழியே சூடு போகாது, நிரம்பிய ஓட்டையில்தான் போகும். போர்டைச் செங்குத்தாக நிறுத்தி, ஒரு பக்கம் அயர்ன், மறுபக்கம் சக்கர். நுனியில் சிறு சிலிகான் குழாயை மாட்டினால் காற்று கசியாமல் இழுக்கும்.

விக் என்கிற, ஈயத்தை உறிஞ்சும் செப்புப் பின்னலைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அதுவும் செப்பு. ஒன்றரை மீட்டர் சுருளை அப்படியே பிடித்துக்கொண்டு கிரவுண்டில் வைத்தால், சூட்டை இழுக்க இரண்டாவது ஒரு தகட்டை நீங்களே கொண்டுவந்து வைக்கிறீர்கள். இரண்டு சென்டிமீட்டர் துண்டாக வெட்டி, ஃப்ளக்ஸில் நனைத்து, ட்வீசரில் பிடித்து வையுங்கள். உறைந்த விக்கை இழுக்காதீர்கள், வளையத்தோடு வரும்.

எனக்குக் கைகொடுத்தது மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கிற சிரிஞ்சு ஊசி. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் ஈயம் ஒட்டாது. 22 நம்பர் ஊசி, கறுப்பு மூடி, வெளிவிட்டம் சுமார் 0.7 மில்லிமீட்டர். கெப்பாசிட்டர் ஓட்டைக்குச் சரியாக இருக்கும். கூரான முனையைத் தரையில் தேய்த்து மழுக்கிவிட்டு, அடியில் ஈயம் உருகியிருக்கும்போது மேலிருந்து செருகுங்கள். அயர்னை எடுத்ததும் ஈயம் உறையும் வரை ஊசியை உருட்டிக்கொண்டே இருங்கள், பிறகு உருவினால் துல்லியமான ஓட்டை. ஊசி இல்லாத நாளில் விளக்குமாற்று ஈர்க்கைச் சீவி அதையே செய்திருக்கிறேன். கொஞ்சம் கருகும், அவ்வளவுதான். ட்ரில் பிட்டை மட்டும் எடுக்காதீர்கள். உட்சுவரின் செப்புப் பூச்சு இருபது, இருபத்தைந்து மைக்ரான். தலைமுடியில் பாதி கூட இல்லை. ட்ரில்லுக்கு ஈயம் எது, சுவர் எது என்று தெரியாது.

அந்தச் சுவர் போனால் என்ன ஆகும் என்பதை நான் ஒரு வாடிக்கையாளரின் போர்டில் கற்றுக்கொண்டேன். இழுத்த காலோடு மெல்லிய குழாய் மாதிரி ஒன்று சேர்ந்து வந்தது, நான் அதை ஈயப் பிசிறு என்று நினைத்தேன். புதுக் கெப்பாசிட்டரைப் போட்டேன். மேலும் கீழும் சால்டர் அழகாக நின்றது. கணினி ஆனாகி, விண்டோஸ் வருவதற்குள் நின்றுபோனது. இரண்டு நாள் ரேமையும் பவர் சப்ளையையும் மாற்றிப் பார்த்த பிறகுதான் மீட்டரை மைனஸ் காலில் வைத்தேன். கிரவுண்டோடு தொடர்பே இல்லை. நடு அடுக்கோடு இணைக்கிற சுவர் குப்பைத்தொட்டியில் கிடந்தது.

மற்ற வகைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 24 முனை பவர் கனெக்டரைக் கழற்ற வேண்டியிருந்தால், அதில் எட்டுக் கால் கிரவுண்டு, மீதியில் பலவும் 5 வோல்ட், 3.3 வோல்ட் செப்புப் பரப்புகளில் நிற்பவை. முழுதாக எடுக்கும் ஆசையை விட்டு, பிளாஸ்டிக்கை வெட்டி எறிந்துவிட்டுக் கால்களை ஒவ்வொன்றாக உருவுங்கள். லேப்டாப்பின் சார்ஜர் ஜாக்கும் இதே கதைதான். பிஸ்மத் கலந்த தாழ்நிலைச் சால்டரும் உண்டு. வெள்ளீயமும் பிஸ்மத்தும் கலந்தது 138 டிகிரியில் உருகும், காரீயமும் சேர்ந்தால் நூறு டிகிரிக்குக் கீழேயே உருகக்கூடிய கலவை உருவாகும். பல காலுள்ள பாகத்தை உருக்கிய நிலையிலேயே வைத்திருந்து தூக்க அற்புதமான பொருள். ஆனால் கழற்றியபின் ஒரு துளி விடாமல் துடைத்தெடுக்க வேண்டும். மிச்சம் இருந்தால், புது இணைப்பு வேலைச் சூட்டிலேயே தளர்ந்துவிடும்.

எல்இடி பல்பு ரிப்பேர் செய்கிறவர்களுக்கு இந்தப் பிரச்சினை இன்னும் மோசம், ஏனென்றால் அங்கே போர்டே அலுமினியம். மேலிருந்து அயர்ன் வைத்து ஒன்றும் ஆகாது. அயர்ன் பாக்ஸைத் தலைகீழாக நிறுத்தி அதன் மேல் தகட்டை வைப்பது நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த வழி, சரியான வழியும்கூட. அடி தட்டையாக இருப்பதால் சூடு முழுதாக ஏறும். காட்டன் நிலையில் சுமார் 200 டிகிரி வரும். காரீயம் கலந்த சால்டர் அதிலேயே உருகிவிடும், காரீயம் இல்லாததென்றால் மேலிருந்து ஹாட் ஏரைக் கொஞ்சம் காட்ட வேண்டும். சட்டை தேய்க்கிற பாக்ஸ் வேறாக இருக்கட்டும், தோசைக் கல்லை எடுக்கவே எடுக்காதீர்கள். மதர்போர்டுக்கு இந்த வழி ஒத்துவராது. அடியில் கால்கள் துருத்திக்கொண்டிருப்பதால் தகடு தொடாது.

இனி பெயர்ந்துபோன உங்கள் ஓட்டைக்கு வருகிறேன். முதலில் கையில் வந்த வளையத்தைப் பாருங்கள். தட்டையான வளையம் மட்டும் என்றால் உட்சுவர் உள்ளே இருக்கிறது, பயமில்லை. புதுக் கெப்பாசிட்டரின் காலை ஓட்டை முழுக்க ஈயம் இறங்கும்படி சால்டர் செய்து, மேல்பக்க வளையத்திலும் பிடித்துவிட்டால் போதும். குழாய் மாதிரி வந்திருந்தால் சுவர் போய்விட்டது. அது மைனஸ் ஓட்டை என்றால், அடிப்பக்கத்தில் பக்கத்திலேயே கிரவுண்டுப் பரப்பு இருக்கிறதா என்று மீட்டரால் தேடி, பச்சைப் பூச்சை பிளேடால் அரிசி அளவு சுரண்டி, ஈயம் பூசி, காலை அங்கே மடக்கிச் சால்டர் செய்யுங்கள். கால் எட்டாவிட்டால் வெட்டிப்போட்ட கெப்பாசிட்டர் காலையே பாலமாக வைக்கலாம். குட்டையாக இருக்க வேண்டும், நீண்ட ஒயர் இழுத்தால் இந்தப் பகுதியில் கெப்பாசிட்டர் இருந்தும் இல்லாத மாதிரிதான். பிளஸ் ஓட்டை என்றால் அதே வேலையைப் பக்கத்துக் கெப்பாசிட்டரின் பிளஸ் காலுக்குச் செய்யுங்கள், ஆனால் இரண்டும் ஒரே லைன்தானா என்று மீட்டரில் உறுதி செய்த பிறகு. புதிதாகப் போடுவது அதே மைக்ரோஃபாரட், அதே வோல்டேஜ் அல்லது சற்று மேலே, 105 டிகிரி, லோ ஈஎஸ்ஆர் (உள்தடை குறைந்தது) என்று கேட்டு வாங்கியதாக இருக்கட்டும். மூன்றையும் மாட்டியபின், பவர் கொடுக்கும் முன் ஒவ்வொரு மைனஸ் காலிலிருந்தும் ஸ்க்ரூ ஓட்டைக்கு மீட்டர் கூவுகிறதா என்று பாருங்கள்.